ஒத்தைக்கல்மந்தில் ஒரு பகல்

வட சென்னையில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் குளிர் என்பது, மார்கழி விடியலில் திருப்பலிக்குச் செல்கையில் காதோரம் படும் கடற்காற்று மட்டுமே. ஆகவே, கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த கையோடு உதகை சென்று வரலாம் என்று வீட்டில் பேச்செழுந்தபோது, இராயபுரத்தை விட்டு அதிகம் வெளியே சென்றிராத என் தாயார்கூடத் தடை சொல்லவில்லை. காசிமேட்டில் நாற்பது ஆண்டுகள் மீன் விற்றவர் அவர்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயிலில் ஏறினோம். கல்லாறு முதல் குன்னூர் வரை, இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பதித்த பற்சட்டத்தைப் பல்சக்கரம் கவ்விக்கொண்டு ஏற, வண்டி ஊர்ந்து செல்கிறது. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் போடப்பட்ட பாதை இது. நாற்பத்தாறு கிலோமீட்டரைக் கடக்க ஒரு முழுக் காலைப்பொழுது சென்றது. அன்று மாலை பனிமூட்டத்தில் ஊரே கண்ணில் படவில்லை.

மறுநாள் அதிகாலையில் அரசு தாவரவியல் பூங்காவுக்குச் சென்றோம். 1848-இல் அமைக்கத் தொடங்கிய பூங்கா அது. புல்வெளி முழுவதும் உறைபனி படிந்து, எண்ணூர்ப் பக்கத்து உப்பளம்போல் வெண்மையாகக் கிடந்தது. கதிரவன் ஏற ஏற, வெண்மை கரைந்து பசுமை தோன்றியது.

இந்த ஊரின் பெயரே ஒரு சிற்றூரின் பெயர்தான். தோடர் இன மக்கள் வாழும் குடியிருப்புக்கு ‘மந்து’ என்று பெயர். ‘ஒத்தைக்கல்மந்து’ என்பதே உதகமண்டலமாகி, பின் ஊட்டியாகச் சுருங்கியது என்பர். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் இம்மலைக்கு வந்து, பின்னர் இங்கே கல்வீடு கட்டிக் குடியேறினார். ஊரை எழுப்பியவர் அவரே. ஆயினும், இந்நிலம் தோடருக்கே உரியது என்று தம் மேலிடத்தாரிடம் வாதாடியவரும் அவரே. அந்த வாதம் வெல்லவில்லை.

பூங்காவின் மேற்புறம் ஏறிச் சென்றால் ஒரு மந்து இருக்கிறது. பாதி பீப்பாயைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற மூங்கில் குடிசை. ஒரு சிறுவனின் மார்பளவே உயரமுள்ள வாயில். அருகிலேயே இக்காலத்துச் சிமெண்டு வீடுகள். ஒரு முதியவள் வெயிலில் அமர்ந்து துணியில் பூவேலை செய்துகொண்டிருந்தாள். என் மகன் ஓடிச் சென்று, ஒரு வார்த்தையும் கேளாமல், அவள் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டினான். அவள் போர்வையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“டேய், கேட்காமல் எடுக்காதே!” என்று அதட்டினார் என் தாயார். “கூடையும் கையுமாக நான் உட்கார்ந்திருந்தபோது, வெள்ளைக்காரரும் நம்மவரும் வந்து வந்து படம் பிடித்தார்கள். ஒருவராவது என் பெயரைக் கேட்டதுண்டா?”

அவன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டான். முதியவள் சிரித்துவிட்டாள். “வாங்கம்மா, உட்காருங்க” என்று என் தாயாருக்கு இடம் ஒதுக்கினாள்.

வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக எழும் அந்தப் பூவேலைக்கு, முன்கூட்டி வரைந்த கோடு எதுவும் இல்லை. இழைகளை எண்ணி எண்ணியே ஊசி செல்கிறது. 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடரின் தொகை ஏறத்தாழ இரண்டாயிரம்தான். அவர்கள் மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது, தனி எழுத்து இல்லாதது. பரம்பரையாகப் புலால் உண்ணாதவர்கள் என்று அறிந்ததும், “அப்படியானால் என் மீன்கூடைக்கு இங்கே வேலையில்லை” என்றார் என் தாயார். இருவரும் நகைத்தார்கள்.

எருமைகள் எங்கே என்று கேட்டேன். முதியவளின் முகம் மாறியது. “மேய்ச்சல் எங்கே இருக்கு?” என்றாள். ஒரு காலத்தில் இம்மலைகள் சோலையும் புல்வெளியுமாக இருந்தன. சீகை மரமும் கற்பூர மரமும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டன. தேயிலையும் காய்கறித் தோட்டமும் பரவின. புல் குறைந்தது, தோடரின் வழிபாட்டுக்கும் வாழ்வுக்கும் நடுநாயகமான எருமையும் குறைந்தது.

என் தாயார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கள் கரையும் அப்படித்தான் போயிற்று, அம்மா” என்றார். துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டபின், தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் அரிக்கப்பட்டன. படகு ஏற்றிய மணலில் இன்று பாறாங்கற்கள் கிடக்கின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. மலையும் கடலும் அன்று ஒரே துயரத்தைப் பேசக் கேட்டேன்.

பிற்பகலில் முத்தநாடு மந்துக்குச் சென்றோம். கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும் கூரைக் கோயில் அங்கே உண்டு. நாங்கள் எட்ட நின்றே பார்த்தோம். 1603-இல் ஃபெனிச்சியோ என்னும் இயேசு சபைக் குரு, மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்ற செய்தியை ஆராய, மலையாளக் கரையிலிருந்து ஏறி வந்தார். அப்படி எவரும் இல்லை. கண்ட மக்களின் வாழ்வையும் வழக்கத்தையும் எழுதி வைத்துச் சென்றார். தோடரைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதற்குறிப்பு அதுவே. தேடி வந்தது கிட்டாதபோதும், எதிர்ப்பட்டவர்களைக் கேட்டறிந்து சென்றாரே என்று எண்ணிக்கொண்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள் மாலை கடற்கரைக்குப் போனோம். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எதிரே என் மகன் நின்றான். கைப்பேசி சட்டைப்பையிலேயே இருந்தது. “தாத்தா, உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டான்.

விடுமுறைக்கு மலையேறும் குடும்பங்களே, நாம் காணச் செல்லும் இடம் யாரோ ஒருவரின் வீட்டு முற்றம். முதலில் வணக்கம் சொல்லுவோம்; பிறகு பார்ப்போம்.