வெரைட்டி ஹால் ரோட்டுக்கு வந்த வடக்கத்திப் பனி

கோயமுத்தூருக்குப் போகிறோம் என்றால் நம் பெண்களின் பட்டியல் தெரிந்ததுதானே! பேரூர் கோயில், மருதமலை, ஒப்பணக்கார வீதியில் சேலைக் கடை, திரும்பும்போது மைசூர்பா இரண்டு டப்பா. அடுத்த முறை குழந்தைகளோடு போகிறவர்கள் இன்னும் இரண்டு இடங்களைச் சேர்த்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, டவுன் ஹால் பக்கத்து வெரைட்டி ஹால் ரோடு. இந்தப் பெயர் ஒரு சினிமாக் கொட்டகையால் வந்தது. திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் இயந்திரத்தையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டு விட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். வடக்கே லாகூர், பெஷாவர் வரை போனார் என்றால் பாருங்களேன்! பிறகு 1914-ல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பின்னாளில் அது டிலைட் தியேட்டர் ஆயிற்று.

கொட்டகை வந்த பிறகு, வெளியூர் போகாத பெண்களும் வெளியூரைப் பார்த்தார்கள். அரசாங்கத்தின் ஃபிலிம்ஸ் டிவிஷன் 1948-ல் தொடங்கியது. பெரிய படத்துக்கு முன்னால் அதன் நியூஸ் ரீல் கட்டாயம் ஓடும். ஆயிரம் அடிச் சுருள் என்றால் ஏறக்குறைய 11 நிமிஷம். அந்த நேரத்தில் முறுக்கு வாங்கப் போனவர்கள் உண்டு. கண் கொட்டாமல் பார்த்தவர்களும் உண்டு.

கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டியம்மா சொன்னார்: "ஏனுங் கண்ணு, டெல்லியில குடியரசு தின ஊர்வலம் காட்டுவாங்க. அத்தன சனமும் கம்பளியும் சால்வையுமா போத்திக்கிட்டு நிக்கும். வாயத் தொறந்தாப் பொகை வரும்! எங்கம்மா அதையெல்லாம் பாக்காம, 'பாவம், இடுப்புல இருக்கற கொழந்தைக்குச் சளி புடிக்காதா'ம்பாங்க."

படம் எடுத்தவர் தலைவர்களைக் காட்டினார். அந்தத் தாய் கூட்டத்தில் நின்ற குழந்தையைப் பார்த்தாள். நம் கண் அப்படித்தானே!

இரண்டாவது இடம், அவினாசி ரோட்டில் உள்ள ஜி.டி. நாயுடு அருங்காட்சியகம். கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த நாயுடுவை மோட்டார்களுக்காகவும் பஸ்களுக்காகவும் எல்லோருக்கும் தெரியும். அவர் கேமராப் பிரியர் என்பது பலருக்குத் தெரியாது. 1936 ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலமானார். 28-ஆம் தேதி லண்டனில் நடந்த இறுதி ஊர்வலத்தை நாயுடு தம் கையாலேயே சினிமாப் படம் பிடித்தார். ஜனவரி லண்டனில் பகலிலேயே ஏழெட்டு டிகிரிதான் இருக்கும். மார்கழிக்கே மப்ளர் கட்டுகிற ஊர்க்காரர் அந்தக் குளிரில் கேமராவைப் பிடித்திருக்கிறார்! மன்னரின் பெட்டியைப் பீரங்கி வண்டியில் வைத்துக் கடற்படை வீரர்கள் கயிறு கட்டி இழுத்துப் போக, தெருவெல்லாம் ஜன சமுத்திரம். நம்மை ஆண்டவர்கள் தங்களைப் படமெடுத்து நமக்குக் காட்டினார்கள். இங்கே நம்ம ஊர் விவசாயி மகன் அவர்களைப் படமெடுத்தார். குழந்தைகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

சகோதரிகளே, இதில் நம் வீட்டுக்கும் ஒரு சேதி இருக்கிறது. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். பின்னால் வந்த அசிடேட் ஃபிலிமோ, சூடும் ஈரமும் பட்டால் புளித்த காடி வாடை அடித்துச் சுருங்கிப் போகும். அப்படி அழிந்த படங்களுக்குக் கணக்கில்லை. நம் பீரோவில் தூங்கும் கல்யாண வீடியோ கேசட்டும் அப்படித்தான். சும்மா வைத்திருந்தால் பூஞ்சை பூத்து விடும்.

அதனால் சில யோசனைகள். கேசட்டையும் பழைய ஃபிலிம் சுருளையும் அடுப்படிப் பக்கமோ, ஓதமடிக்கும் சுவர் ஓரமோ வைக்காதீர்கள். வெயில் படாத, காற்றோட்டமான அலமாரியில் கேசட்டை நிமிர்த்தியும், ஃபிலிம் சுருளைப் படுக்கையாகவும் வையுங்கள். பூஞ்சை தெரிந்தால் வீட்டில் ஓட்டிப் பார்க்காமல், தெரிந்த கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து, டிஜிட்டலாக மாற்றி இரண்டு பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றை அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஒன்று. மாமியாரையோ பாட்டியையோ பக்கத்தில் உட்கார வைத்துப் படத்தைப் போடுங்கள். "இது யார், எந்த ஊர், எந்த வருஷம்?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊர்வலத்தில் போன மன்னர் பெயரைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிற சின்னம்மாவின் பெயரை நாம்தானே எழுத வேண்டும்? சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதி விடுங்கள்.