பிராங்கோனியாவில் ஒரு குவளை

பியர் என்னும் பானத்தைப் பற்றி ஞாயிறு குடும்பப் பக்கத்தில் ஒரு வாத்தியார் எழுதுவதா என முகஞ் சுளிப்போர் இருப்பர். சுளிக்கட்டும். நாம் எவரையும் குடிக்கத் தூண்டவில்லை. ஒரு தொழிலைப் பற்றியே எழுதுகிறோம்.

ஜேர்மனியில், பவேரியாவின் வடபால் உள்ளது பிராங்கோனியா. அங்கே பம்பேர்க் நகரைச் சூழ்ந்த ஊர்கள் பலவற்றில் சிறு பியர் ஆலைகள் உண்டு. மலைச்சரிவைக் குடைந்து நிலவறைகள் அமைத்து, அவற்றின்மேல் நிழலுக்காக மரங்கள் நட்டிருக்கின்றனர். குளிரூட்டும் பொறிகள் வருமுன் பியரைக் கெடாமற் காத்தவை அந்நிலவறைகளே. ‘லாகர்’ என்ற பெயரே ‘சேமித்து வைத்தல்’ எனும் பொருளுடைய ஜேர்மன் சொல்லிலிருந்து வந்தது.

வாற்கோதுமை, ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூ, நீர் ஆகிய மூன்றுமன்றி வேறெதுவும் சேர்த்தலாகாது என 1516 இல் பவேரியாவில் ஆணை பிறந்தது. நொதிக்கச் செய்யும் மதுவத்தை அவ்வாணை குறிப்பிடவேயில்லை. லாகர் மதுவத்தைத் தனியே பிரித்து வளர்த்தவர் டென்மார்க்கு நாட்டு ஹன்சன்; ஆண்டு 1883. அம்மதுவம் குளிரிலே மெல்ல வேலை செய்வது. நொதித்து முடிந்த பின்னரும், உறைநிலையை அண்டிய குளிரிற் பல வாரங்கள் பியர் கிடக்க வேண்டும். கரிய பியரில் வறுத்த தானியத்தின் மணம் சிறு பிழைகளை மூடிவிடும். இளநிற லாகருக்கோ மறைவிடமில்லை. கொப்பரையைச் சரிவரக் கழுவாததும் நாவில் தெரியும்.

இவற்றையெல்லாம் நமக்கு விளக்கியவன் அக்காவின் மகன். அங்கேயே பிறந்தவன், மூன்றாண்டு தொழில் பயின்று, அத்தகைய சிற்றாலையொன்றில் வேலை பார்க்கிறான். யாழ்ப்பாணத்திலுள்ள அம்மாவுக்கு அக்கா சொல்லி வைத்திருந்ததோ, பேரன் சாப்பாட்டுத் தொழிற்சாலையில் இருக்கிறான் என்பது.

சென்ற கோடையில் அவன் அரை இலீற்றர்க் குவளையொன்றை நம் முன் வைத்து, “நான் காய்ச்சினது மாமா, ருசி பாருங்கோ” என்றான். வைக்கோலின் பொன்னிறம், மேலே வெண்ணுரை. முதலிற் புதிய பாணின் மணம். நாவிற் சிறு இனிப்பு. விழுங்கிய பின் வேப்பம்பூ வடகத்தை நினைவூட்டும் மெல்லிய கசப்பு, அதுவும் விரைவில் விலகிற்று. இவ்வளவுதானா என்று தோன்றியது. அடுத்த மிடறில், இவ்வளவே போதும் என்றும் தோன்றியது.

சுற்றிலும் குடும்பங்கள், கிழவர்கள், ஓடியாடும் குழந்தைகள். போவோர் வருவோரெல்லாம் மருமகனைப் பெயர் சொல்லி வாழ்த்தினர். அப்பொழுது ஊரிலே விடியற்காலையிற் பனையேறி இறங்கியவரின் நினைவு நமக்கு வந்தது. அவர் இறக்கிய கள்ளைப் பிளாவில் வாங்கிக் குடித்த பெரிய மனிதர்கள் அவரைத் தம் திண்ணையில் இருக்க விட்டதில்லை. முட்டியிற் சுண்ணாம்பு தடவினாற் கருப்பநீர், தடவாவிடிற் கள். நம் வெயிலிற் சில மணி நேரத்திற் புளித்துவிடும் அதனைப் பதமறிந்து இறக்குவதும் பயின்றே பெறவேண்டிய வித்தை. அதற்குச் சான்றிதழ் எவரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

“அம்மம்மாவுக்கு என்னெண்டு சொல்லப்போறியள்?” என மருமகன் கேட்டான்.

“பியர் காய்ச்சிறாய் எண்டுதான்” என்றோம்.

ஊர் திரும்பியதும் அவ்வாறே சொன்னோம். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “கள்ளு மாதிரிப் புளிக்குமோ?” என்று கேட்டார். புளியாது என்றோம்.