நூறு கூடிப்போச்சு

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்று. மணி ஒன்பதரை ஆகியும் பனி விலகவில்லை. ஆறாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஸ்வெட்டருக்கு மேல் துண்டையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மேசை மேல் நூலால் கட்டிய விடைத்தாள் கட்டு. கணக்கு. எல்லாக் கண்ணும் அதன் மேல்தான். கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் எனக்கு இடம் விட்ட பையன்கூட என்னை மறந்துவிட்டான்.

விடைத்தாள் கொடுக்கும் நாள் எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டில் படித்த எல்லோருக்கும் தெரியும். பெயர், மதிப்பெண், கூடவே ஒரு வசவு. குறைவாக எடுத்தவன் எழுந்துபோய்த் தாளை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்புவதற்குள் வகுப்பே அவனைப் பார்த்து முடித்திருக்கும். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மாநில அளவில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017 இல் அரசு நிறுத்திவிட்டது. நல்ல முடிவு. ஆனால் வகுப்பறைக்குள் நடக்கும் அறிவிப்பை நிறுத்த அரசாணை போதாது; ஆசிரியர் மனசு வைக்க வேண்டும்.

இந்த ஆசிரியை கட்டைப் பிரித்ததும் பெயர் வாசிக்கவில்லை. கரும்பலகையில் நாலு கணக்கை எழுதிப்போட்டார். "எல்லாரும் இதப் போடுங்க. பேர் சொல்றவங்க மட்டும் பேப்பர் வாங்க வெளிய வாங்க." தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி, எதிரே ஒரு ஸ்டூல். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது, வகுப்புக்குக் கேட்காது.

முதலில் போனவன் ஒல்லியான பையன். நிற்கும்போதே தலை குனிந்துவிட்டது. வீட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலை. நவம்பர், டிசம்பரில் பல நாள் வரவில்லை. 100க்கு 29. ஒன்று முதல் எட்டு வகுப்புக்கு 2012-13 இல் முப்பருவ முறை வந்ததிலிருந்து, வகுப்புச் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20, பருவத் தேர்வுக்கு 60 என்று கணக்கு. அதன்படி 21 முதல் 32 வரை வாங்கினால் தர எழுத்து ஈ1. ஆசிரியை அந்த எழுத்தைச் சொல்லவில்லை. தாளைப் புரட்டி இரண்டு இடத்தில் விரல் வைத்தார்.

"இந்தக் கணக்க எப்ப நடத்தினேன்?"

"அக்டோபர்ல, டீச்சர்."

"அப்ப நீ இருந்த. சரியாப் போட்டிருக்க. தப்பானது எல்லாம் நீ வராத நாளுல நடத்தினது. உனக்கு வராதுன்னு இல்ல, நீ வரல. சாயங்காலம் ஸ்டடி நேரத்துல வா, விட்டுப்போனத முடிச்சிடலாம்."

பையன் நிமிர்ந்து பார்த்தான். அவர் புகழவில்லை, பொய்யாகத் தேற்றவும் இல்லை. இருக்கும் நிலையை அப்படியே சொன்னார். அந்த 29 யாருக்கும் சொல்லாத சேதி அது. பருவத் தேர்வுத் தாளை ஒரு ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தவருக்குத்தான் தெரியும்.

அடுத்து ஒரு பெண். இரட்டைச் சடை, ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்திருக்கிறது. தாளை வாங்கியதும் முதல் பக்கத்தில் மதிப்பெண் தேடினாள், இல்லை. அங்கே சிவப்புக்குப் பதிலாகப் பச்சை மையில் இரண்டு வரி. மதிப்பெண்ணைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறார் ஆசிரியை. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற கல்வி உளவியலாளர் 1988 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் குறிப்பால் பயன் கிடைக்கவில்லை. மதிப்பெண்ணோடு அவர்கள் கவனம் நின்றுபோனது. இந்தத் தாழ்வாரத்தில் அந்த ஆய்வைப் பற்றி யாரும் பேசவில்லை. மதிப்பெண் இருக்கும் இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

"இதப் படி," என்றார் ஆசிரியை. அவள் படித்தாள்: பூஜ்யம் வராத கழித்தல் எல்லாம் சரி. பூஜ்யம் வரும் கணக்கு இரண்டையும் மறுபடி பார்.

502-இல் 178 போக எவ்வளவு? அவள் எழுதியிருப்பது 424. அதற்குக் கீழே 703-இல் 256 போக 547.

"சரியான விடை 324. நீ எவ்வளவு போட்டிருக்க?"

"424."

"அடுத்தது 447. நீ 547. ரெண்டுலயும் என்ன ஆகியிருக்கு, நீயே சொல்லு."

அவள் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். விரல் மடங்கி விரிந்தது. ஆசிரியை வெளியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காத்திருந்த அந்த நேரத்தை நான் மிகவும் மதிக்கிறேன். உள்ளே முப்பது பிள்ளைகள், அடுத்த மணிக்கு வேறு பாடம். விடையைச் சொல்லி அனுப்பிவிடுவது எவ்வளவு சுலபம்.

"நூறு... நூறு கூடியிருக்கு, டீச்சர். ரெண்டுலயும்."

"ஏன் கூடிச்சு? ரெண்டுல எட்டு போகாது. பக்கத்துல பூஜ்யம், அதுகிட்ட ஒண்ணும் இல்ல. யாருகிட்ட கடன் வாங்கின?"

"அஞ்சுகிட்ட."

"வாங்கின சரி. கொடுத்தவங்ககிட்ட குறையணும்ல கண்ணு?"

அவள் ஐந்தைப் பார்த்தாள். பென்சிலை எடுத்து அதை அடித்து, மேலே 4 என்று சின்னதாக எழுதினாள். பிறகுதான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். மொத்தம் 57, சி1. ஒரு நொடி பார்த்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கே வந்துவிட்டாள்.

93 வாங்கிய பையனும் தாழ்வாரத்துக்கு வந்தான், ஏ1. சிரித்த முகம். அவனுக்கும் பச்சை மை இருந்தது: விடை சரி, வழி எங்கே? மனசுக்குள்ளேயே போட்டு விடையை மட்டும் எழுதியிருக்கிறான். "எனக்குப் புரியுது. பக்கத்துல இருக்கறவனுக்குப் புரியற மாதிரி எழுதிக் காட்டு," என்று ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு 'நன்று' என்று ஒரு சொல் போதும் என்று விட்டுவிடுவதும் ஒருவகையில் கைவிடுவதுதான்.

மதியம் சாப்பாட்டு மணி. குடகுப் பக்கம் காப்பிக் கொட்டை பறிக்கப் போயிருக்கும் அப்பாவிடம் ஆசிரியையே போனில் பேசுகிறார், இரட்டைச் சடைக்காரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இந்த மலையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் காப்பி, மிளகுத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை 1976 இல்தான் அரசின் கைக்கு வந்தது. இந்தப் பிள்ளைகளின் தாத்தா காலத்தில் கூலியில்லா வேலை இங்கே சட்டம் போல இருந்தது. அப்படிப்பட்ட வீட்டுக்கு சி1 என்று அச்சடித்த அட்டையைக் கொடுத்தனுப்பி, கையெழுத்து வாங்கி வா என்றால் அதில் என்ன தெரியும்?

"டீச்சரம்மா, பாப்பா பாஸா பெயிலா?" குரல் ஸ்பீக்கரில் கரகரத்தது.

எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் பெயில் கிடையாது. மத்திய அரசு 2024 டிசம்பரில் தன் பள்ளிகளுக்கு விதியை மாற்றியபோதும் தமிழ்நாடு மாற்றவில்லை. அது பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் பெயில் இல்லாத இடத்தில், எங்கே நிற்கிறோம் என்று பிள்ளையிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு முழுக்க ஆசிரியர் தலையில் விழுகிறது. யாரும் சொல்லாவிட்டால் ஒன்பதாம் வகுப்பில் ஒரே நாளில் தெரியவரும். அது கொடுமை.

"பெயில் எல்லாம் இல்லீங்க. கூட்டல், பெருக்கல் நல்லா வருது. கழித்தல்ல ஒரு இடத்துல தடுமாறிச்சு, காலையில அவளே கண்டுபிடிச்சுட்டா. வாய்ப்பாடு மட்டும் எட்டுல நிக்குது. நீங்க பொங்கலுக்கு வர்றப்ப எட்டாம் வாய்ப்பாடு கேளுங்க."

"எனக்கு வாய்ப்பாடு தெரியாதுங்களே."

"தெரிய வேண்டாம். அவ சொல்வா. நிறுத்தாம சொல்றாளான்னு மட்டும் பாருங்க."

அப்பா சிரித்தது கேட்டது. "பாப்பாகிட்ட குடுங்க டீச்சரம்மா." அவள் போனை வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

மதியம் வகுப்பு தொடங்குமுன் பிள்ளைகள் தாள்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். அதை எந்த ஆசிரியராலும் தடுக்க முடியாது, தடுக்கவும் தேவையில்லை. பக்கத்தில் இருந்தவள் கேட்டாள், "எவ்ளோடி?"

இவள் மதிப்பெண் சொல்லவில்லை. "நூறு கூடிப்போச்சு," என்றாள்.

"என்னாது?"

"உன் பேப்பரக் கொண்டா." வாங்கி விரித்து, 502 வரும் கணக்கைத் தேடி, விரலால் கீழே இழுத்துக்கொண்டே போனாள். "பாரு, உனக்கும் கூடியிருக்கு. அஞ்ச அடிக்காம விட்டுட்ட."