நாடி எண்ணிய நாட்கள்

மயிலாடுதுறையில் வாழும் தமிழ்ப்புலவர் ஒருவர், இளமையில் திருமடத்துப் பாடசாலையிற் பயின்று, பின்னர் 32 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். அகவை 67. ஞாயிறுதோறும் தம் இல்லத்துத் திண்ணையில் அன்பர் சிலர்க்குப் பெரியபுராணம் பாடஞ் சொல்லுவது அவர் வழக்கம். யாப்பிலே அவர்க்குள்ள பயிற்சி பெரிது. மாணாக்கர் ஒருவர் வெண்பா எழுதிக் கொணர்ந்து படித்தால், ஏட்டைப் பாராமலே, "மூன்றாமடியிலே தளை தட்டுகிறது" என்று செவியினாற் கண்டு சொல்லிவிடுவார். அத்தகையவர் தம் மார்பினுள்ளே தளை தட்டுவதை மட்டும் நெடுநாள் அறிந்தாரில்லை. படியேறினால் இளைப்பு, பாடத்தின் நடுவே மூச்சு வாங்குதல், காரணமின்றிச் சோர்வு. இவையெல்லாம் முதுமையின் இயல்பென்றே அவர் எண்ணியிருந்தார். ஊர் மருத்துவர் நாடியைப் பிடித்து ஒரு நிமிடம் பேசாதிருந்து, பின்னர் ஈ.ஸி.ஜி. எடுத்த பிறகே உண்மை புலனாயிற்று.

நோயின் பெயர் ஏட்ரியல் பிப்ரில்லேஷன் என்பது. இதயத்தின் வலப்புற மேலறையில், மேலிருந்து குருதி வந்து விழும் பெருநாளத்தின் வாயருகே, ஒரு சிறு தசைக்கணு உண்டு. அதனைக் கீத், பிளாக் என்னும் பிரித்தானிய அறிஞர் இருவர் 1907-இல் விளக்கினர். துடிப்பின் பிறப்பிடம் அதுவே. ஓய்ந்திருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை அஃது ஆணையிட, மேலறைகளும் கீழறைகளும் முறையே சுருங்கும். இந்நோயிலோ மேலறைகள் அவ்வாணையை இழந்து, நிமிடத்திற்கு 350-க்கும் மேற்பட்ட சிதறிய மின்னலைகளால் நடுங்கிக்கொண்டிருக்கும். அவற்றுட் சில மட்டும் கீழறைக்கு இறங்குதலின், நாடி ஒருபோது விரைந்தும் ஒருபோது தாழ்ந்தும் ஒழுங்கின்றி நடக்கும். அதனினும் கொடியது ஒன்று உண்டு. சுருங்காத மேலறையின் மூலையிற் குருதி தேங்கி உறைந்து, அவ்வுறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும். இளைப்பைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றிருந்த புலவர், இதைக் கேட்ட பின்னரே சிகிச்சைக்கு உடன்பட்டார்.

2023-ஆம் ஆண்டு புரட்டாசித் திங்களின் இறுதியிற் சென்னையில் அது நடைபெற்றது. நுரையீரலிலிருந்து இடப்புற மேலறைக்குக் குருதி கொணரும் நாளங்களின் வாய்களிலிருந்தே இக்கலகம் பெரும்பாலும் தொடங்குகிறது என்பதைப் பிரான்சு நாட்டுப் போர்தோ நகரத்து மருத்துவர் ஹைஸகேர் என்பாரும் அவர் குழுவினரும் 1998-இல் வெளியிட்டனர். ஆதலின், தொடையிடுக்கின் நாளம் வழியே மெல்லிய குழல்களைச் செலுத்தி, இதயத்தின் இடைச்சுவரைத் துளைத்து அப்புறஞ் சென்று, அந்நாளவாய்களைச் சுற்றிலும் வெப்பத்தாற் சுட்டு வடுப்படுத்துகின்றனர். வடுவின் வழியே மின்னலை கடவாது. சிகிச்சைக்குமுன் தாதி ஒருத்தி வந்து, மின்வாய்கள் ஒட்டுதற்பொருட்டு அவர் மார்பிலிருந்த திருநீற்றை ஈரத்துணியால் துடைத்தாள். உருத்திராக்கத்தையும் கழற்றி மனைவியார் கையிற் கொடுத்தாள். அந்த ஒரு கணத்திலேதான் அவர்க்குக் கண் கலங்கிற்று. மயக்கம் தெளிந்த பின்னர் அவர் முதலிற் கேட்டது திருநீற்றுப் பையையே.

மல்லாந்து கால் மடக்காமற் கிடந்த ஆறு மணி நேரத்தை அவர் பெருந்துன்பமாகக் கூறுவர். தொடையில் உள்ளங்கையளவு கருநீலமாகக் கன்றியிருந்தது. ஆழ்ந்து மூச்சிழுத்தால் மார்பில் இரண்டு மூன்று நாள் வலி இருந்தது. குடந்தூக்குதல் கூடாது, ஒருவாரம் சம்மணமிடலும் நிலத்தில் வீழ்ந்து வணங்குதலும் கூடா. காய்ச்சலோ, விழுங்குவதில் வலியோ, கைகாற் சோர்வோ, பேச்சுக் குழறலோ தோன்றினால், எத்தனை வாரம் கழிந்திருப்பினும், உடனே வரல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தனர். உடற்றுன்பம் இவ்வளவே. மகள் வீட்டில் எட்டு நாள் தங்கி ஊர் திரும்பினார்.

துன்பம் தொடங்கியது ஊரில். புறப்படும்போது மகன் ஒரு கைக்கடியாரத்தை அவர் கையிற் கட்டியிருந்தான். காலத்தோடு நாடியையும் காட்டும் இக்காலத்துக் கடியாரம் அது. நோய் தோன்றுமுன் அவர் நாடி 64. இப்பொழுது கடியாரம் 82 என்று காட்டிற்று. இச்சிகிச்சைக்குப்பின் ஓய்வு நிலையில் நாடி சிறிது மிகுந்திருத்தல் பலர்க்கும் உள்ளதே. இதயத்தை மெல்ல நடத்தும் நரம்பிழைகளிற் சில அவ்வெப்பத்தாற் பழுதுறுதல் அதற்குக் காரணம். இஃதறியாத புலவர், நோய் மீண்டதென்றே அஞ்சினார். உண்ணுமுன் ஒருமுறை, உண்டபின் ஒருமுறை, எழுந்தால், அமர்ந்தால், வாயிலில் யாரேனும் அழைத்தால், என்று பார்வை மணிக்கட்டிலேயே விழுந்தது. கடியாரத்தை நம்பாத போது விரலை வைத்து எண்ணினார். மாலையில் ஐந்தெழுத்தோதும் பொழுதும் அவ்வாறே ஆயிற்று. நாற்பதாண்டுப் பழக்கமாகிய உருத்திராக்க மாலை விரலில் உருண்டதாயினும், மணி தள்ளும் விரல் நாடியின் துடிப்போடு ஒத்துத் தள்ளுவதை ஒருநாள் கண்டார். 108 முடிந்திருந்தது; எழுத்தைந்தில் ஒன்றேனும் நெஞ்சில் நின்றதாக நினைவில்லை. நோயால் விளைந்த இளைப்பினும் இஃது அவரை மிகவும் வருத்திற்று. ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தையும், "மூச்சு நிலைபெறட்டும்" என்று ஒத்திவைத்தார். உண்மையில், நாலுபேர் நடுவே நெஞ்சு தடுமாறினால் என் செய்வது என்னும் அச்சமே காரணம்.

ஐந்தாம் வாரத்தில், ஐப்பசி மழையிரவு ஒன்றில், அத்தடுமாற்றம் வந்தேவிட்டது. பழைய நடுக்கமே, ஐயமில்லை. மனைவியாரை எழுப்பவில்லை. விளக்கேற்றி அமர்ந்து, தம் ஏடுகளையும் குறிப்புப் புத்தகங்களையும் யார் யார்க்குக் கொடுப்பதென்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். மூன்று மணியளவில் அம்மையார் வந்து நின்றார்.

"எத்தனை?" என்றார்.

"எது எத்தனை?"

"அதுதான், ஒரு மாதமாக விரல் வைத்து எண்ணுகிறீர்களே, அது."

புலவர் விடை கூறவில்லை. அம்மையார் தாளைப் பார்த்தார், படித்தார், அதனை மடித்துத் தம் முந்தானையில் முடிந்துகொண்டார். "விடிந்ததும் டாக்டரிடம் பேசுங்கள். இல்லையேல் நான் பேசுவேன். ஏட்டை யாருக்குக் கொடுப்பதென்று பிறகு பார்க்கலாம்."

இத்தகைய நேரத்தில் மறைத்தல் அறியாமையே. புலவரின் கல்வி அங்கே அவர்க்குத் துணை செய்யவில்லை. மருத்துவர் தொலைபேசியிற் கூறியது எளியது. சுட்ட இடம் உடனே வடுவாவதில்லை. புண் ஆறுங்காலத்தில் மேலறை எரிச்சலுற்றுத் துடித்தல் பலர்க்கு நேர்வதே. இரண்டு மூன்று திங்கள் கழியுமுன் நிகழ்வனவற்றைக் கொண்டு சிகிச்சை பழுதென்று துணிதலாகாது. ஆயினும் வந்த அன்றே சொல்லிவிடல் வேண்டும். மருந்தொன்றை மாற்றினார். இரண்டாம் நாள் நடுக்கம் தானே அடங்கிற்று. வடு என்னுஞ் சொல்லுக்குக் குற்றமென்று எத்தனையோ இடங்களிற் பொருள் சொன்னவர், "நம் நலமெல்லாம் இப்பொழுது ஒரு வடு முற்றுவதில் இருக்கிறது" என்று அம்மையாரிடம் கூறி, நெடுநாட்குப்பின் நகைத்தார்.

கார்த்திகை பிறந்தது. சோமவாரந்தோறும் இரவுணவு ஒழித்தல் அவர் இளமைமுதற் கொண்ட நோன்பு. குருதி உறையாமைக்கு அவர் உட்கொண்ட ரிவராக்ஸபான் என்னும் மாத்திரையோ இரவு உணவோடு கொள்ளுமாறு விதிக்கப்பட்டது. வெறுவயிற்றிற் கொண்டால் அவ்வளவு மருந்து உடலிற் செவ்வனே சேராது. முதற் சோமவாரத்தில் அவர் உணவையும் விட்டார், மாத்திரையையும் விட்டார். அம்மையார் மறுநாட் காலை மாத்திரைப் பட்டையை எண்ணிப் பார்த்து அறிந்தார். உடம்பை இழிவென்று முன்னம் எண்ணியிருந்த திருமூலர் பின்னர் அதனைப் பேணுவாராயினமையைப் பலர்க்கும் எடுத்துரைத்தவர் இவரே. இரண்டாஞ் சோமவாரத்தில் அம்மையார் இலையிட்டு இட்டலி வைத்து, மாத்திரையை அருகில் வைத்து, ஒன்றும் பேசாமல் எதிரே அமர்ந்தார். புலவர் உண்டார். நோன்பு குறைந்ததென்னும் மனக்குறை அவர்க்கு இன்றளவும் நீங்கிற்றென்று சொல்வதற்கில்லை. ஆயினும் உண்டார்.

அவ்வாரத்திலேயே பாடமும் மீளத் தொடங்கிற்று. விட்ட இடம் பூசலார் நாயனார் புராணம். திருநின்றவூரில் கோயிலெடுக்கப் பொருளின்றி, நினைவினாலேயே அடிநிலை முதல் சிகரம் வரை எடுத்து முடித்த அடியவர் அவர். உள்ளம் வேறு, தசையாகிய இதயம் வேறு என்று முன்னெல்லாம் இவ்விடத்தில் நெடிது விளக்குவார் புலவர். அன்று அவ்விளக்கம் மிகச் சுருங்கிற்று. பூசலார் நாள்தோறும் எவ்வளவு பொழுது எப்பொருளில் நெஞ்சை வைத்திருந்தார் என்பதையே பேசிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் மூச்சு வாங்கவே நிறுத்தினார். மூத்த மாணாக்கர் ஒருவர், கேளாமலே, அடுத்த செய்யுளைப் படித்தார். பாடம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. கடியாரத்தை அவர் பார்த்தது இருமுறை என்று அம்மையார் கணக்குச் சொன்னார்.

மார்கழியில், மூன்று திங்கள் நிரம்பியபின், சென்னையில் ஒருநாள் முழுதும் மார்பிற் கருவியை ஒட்டிவைத்துத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தனர். ஒழுங்கு குலையவில்லை. அகவையும் இரத்த அழுத்தமும் நோக்கி, குருதி உறையாமைக்குரிய மருந்து மட்டும் தொடரல் வேண்டும் என்றார் மருத்துவர். ஊர் திரும்புமுன் திருநின்றவூர் சென்றனர். பூசலார்க்குரிய இருதயாலீசுவரர் கோயில் அங்கு உண்டு. இதயநோயுடையார் பலர் வந்து வேண்டிக்கொள்ளும் தலமாக அஃது இந்நாளில் விளங்குகிறது. மருந்தை விடாமல் வருவாராயின் அவ்வேண்டுதலிற் குறையொன்றுமில்லை. புலவர் நெடுநாட்குப்பின் நிலத்தில் வீழ்ந்து வணங்கினார். மாலையை எடுத்து ஒரு மூலையில் அமர்ந்தார். வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது.

"மணி என்ன?" என்றார் அம்மையார்.

புலவர் கையைத் திருப்பிப் பார்த்தார். கடியாரத்தை ஊரிலேயே விட்டு வந்திருந்தார்.