லண்டன் மாநகரில் மடக்குச் சைக்கிள்

லண்டன் மாநகரின் மேற்குப் புறத்திலே அல்பேர்ட்டன் என்றோர் ஊர் உண்டு. அவ்வூரின் ஈலிங் றோட்டில் நடப்பவருக்குத் தாம் இங்கிலாந்தில் நிற்பது சிறிது நேரம் மறந்தே போகும். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கடை வாசல்களிலே குவிந்து கிடக்கின்றன. நகைக்கடைகளும் சேலைக்கடைகளும் குஜராத்தியர்களாலும் எம்மவர்களாலும் நிறைந்திருக்கின்றன. ஈழபதீஸ்வரர் ஆலயமும் அத்தெருவுக்கு அண்மையிலேதான் உள்ளது. ஆனால் எம்மைக் கவர்ந்தது அங்குள்ள நிலத்தடிப் புகையிரத நிலையமே. பெயர்தான் நிலத்தடி, தண்டவாளமோ உயர்ந்த மண்மேட்டின்மீது ஓடுகின்றது. 1951 ஆம் ஆண்டில் தேம்ஸ் நதியின் தென்கரையிலே நடந்த பிரித்தானிய விழாவில் மக்களை ஏற்றியிறக்கிய நகரும் படிக்கட்டொன்றைப் பின்னர் கொணர்ந்து இந்நிலையத்திலே பொருத்தினார்கள். 1988 இல் அதன் ஓட்டம் நின்றது. சுவரொன்றை எழுப்பி அதனை மறைத்தும் விட்டார்கள். ஆகவே மேடைக்குச் செல்வோர் யாவரும் காலால் ஏறியே ஆகவேண்டும். 2025 ஆம் ஆண்டு ஆடி மாதத்துக் காலைப் பொழுதொன்றில், ஏறத்தாழப் பதினேழு கிலோ பாரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நாமும் ஏறினோம்.

அப்பாரம் ஒரு மடக்கு மின் துவிச்சக்கர வண்டி. எமது வயதில் இஃதென்ன வேண்டாத வேலை என்று வாசகர்கள் நகைக்கலாம். காரணம் எமது தங்கையின் மகன். அவன் மூன்றாண்டுகளாக லண்டனிலே கணக்காளனாக இருக்கின்றான். குடியிருப்பது அல்பேர்ட்டன் நிலையத்திலிருந்து ஒன்றேகால் மைலுக்கு அப்பால், கால்வாய்ப் பக்கத்துத் தெருவொன்றில், பலசரக்குக் கடையின் மேல்மாடியில். கந்தோரோ தேம்ஸ் நதிக்குத் தெற்கே, அல்பேட் பாலத்தைக் கடந்து, நிலத்தடிப் புகையிரதம் எட்டிப் பாராத பற்றர்சீ மூலையொன்றில். இரு முனையிலும் பஸ் வண்டிக்குக் காத்திருந்து போவதற்கு ஒன்றரை மணி நேரம், திரும்புவதற்கும் அவ்வளவே. இத்தொல்லையிலிருந்து விடுபட, மடித்துக் கையில் எடுத்துச் செல்லத்தக்க மின்சைக்கிள் ஒன்றை வாங்க அவன் விரும்பினான். விலை 3,000 பவுணை ஒட்டியது. அவ்வாண்டின் மாற்று வீதப்படி பன்னிரண்டு இலட்சம் ரூபாவை அண்மிக்கும் தொகை. தங்கையின் இளைய மகள் பேராதனையிலே படிக்கிறாள். அவளுக்கு மாதந்தோறும் பணம் அனுப்புபவனும் இவனே.

“சைக்கிளுக்கு இவ்வளவு காசா, அண்ணா? நீங்கள் நேரில் பார்த்து ஒரு சொல் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவன் கேட்பான்” என்று சுன்னாகத்திலிருந்து தங்கை தொலைபேசியிற் கூறினாள். விடுமுறைக்கு ஊர் சென்றிருந்த நண்பர் ஒருவரின் வண்டியை மருமகன் இரவல் பெற்று வைத்திருந்தான். ஒரு வாரம் அதனோடு நாம் நகரைச் சுற்றினோம்.

பிரொம்ப்டன் என்பது வண்டியின் பெயர். கேம்பிரிட்ஜிலே பொறியியல் பயின்ற அன்ட்ரூ ரிச்சி என்பவர் 1970களின் நடுப்பகுதியில், பிரொம்ப்டன் தேவாலயத்தை நோக்கிய தமது அறையிலிருந்து இதனை வடிவமைத்தார். பெயரும் அத்தேவாலயத்தால் வந்தது. பதினாறு அங்குலச் சில்லுகள் இரண்டு. பின்சில்லு அடியில் மடங்கும். நடுச்சட்டம் ஒரு கீலிலே திரும்பி முன்சில்லைப் பக்கத்திற் கொண்டுவரும். கைபிடித்தண்டு கீழே சாயும். முடிவில் ஏறத்தாழ இரண்டடிச் சதுரமான ஒரு பொதி கிடைக்கும். முதல் நாள் எமக்கு மூன்று நிமிடமும் மருமகனுடைய சிரிப்பும் வேண்டியிருந்தன. நான்காம் நாள் அரை நிமிடத்தில் மடித்தோம். தொழிற்சாலை இன்று அல்பேர்ட்டனுக்கு மேற்கே சில மைல் தொலைவிலுள்ள கிறீன்ஃபோட்டில் இருக்கின்றது. நொட்டிங்ஹாமிலிருந்து கப்பலேறி வந்த றாலி வண்டியை மணப்பெண்ணைப் போலத் துடைத்துவைத்த எமது தந்தையார் காலத்தவர்கள் இம்மடக்கு வண்டியைக் கண்டிருந்தால், இஃது வண்டியா குடையா என்று கேட்டிருப்பார்கள்.

2017 இல் இதற்கு மின்சார வடிவமும் அறிவிக்கப்பட்டது. நாம் ஓட்டிய வண்டியில் முன்சில்லின் குடத்துக்குள்ளே சிறிய மோட்டார் ஒன்று ஒளிந்திருந்தது. பற்றரி ஒரு பையினுள் இருக்கின்றது. அப்பையை வண்டியின் முன்னே கொளுவலாம்; கழற்றித் தோளிலும் மாட்டலாம். அதன் நிறை ஏறத்தாழ 3 கிலோ. கொள்ளளவு 300 வாற்று-மணி. அதாவது ஒரு யூனிற் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. அதை நிரப்புவதற்கு லண்டனில் 10 பென்ஸ் அளவே செலவாகும். காலால் மிதித்தால்தான் மோட்டார் துணை செய்யும். சும்மா இருப்பவனை அது சுமக்காது. மோட்டாரின் வலு 250 வாற்றுக்குள் அடங்கவேண்டும், மணிக்கு பதினைந்தரை மைல் வேகத்தில் துணை நின்றுவிடவேண்டும் என்பது பிரித்தானியச் சட்டம். இவ்வெல்லைக்குள் நிற்கும் வண்டியைப் பதினான்கு வயது நிரம்பிய எவரும் உரிமப்பத்திரமோ காப்புறுதியோ இன்றி ஓட்டலாம். எனவே 3,000 பவுண் கொடுப்பவன் வேகத்தை விலைக்கு வாங்குகிறான் என்று எண்ணுதல் தவறு. இதனினும் மலிவான மின்சைக்கிளும் அதே பதினைந்தரை மைலில்தான் நிற்கும்.

அப்படியாயின் அவன் வாங்குவது யாது? பிக்கடிலிப் பாதைப் புகையிரதத்தினுள்ளே அதற்கு விடை கிடைத்தது. அல்பேர்ட்டனிலிருந்து அதே பாதையில் வடமேற்காகச் சென்றால் றேனர்ஸ் லேன் நிலையம் வரும். 2025 மாசி மாதம் 27 ஆந் திகதி அங்கு மேடையிலே மின்சைக்கிள் ஒன்று தீப்பற்றி எரிந்தது. அடுத்த மாதம் 31 ஆந் திகதி முதல், மடங்காத மின்சைக்கிள்கள் நிலத்தடிப் புகையிரதங்களில் ஏறக்கூடாதெனத் தடை வந்துவிட்டது. மடங்கும் வண்டிகளுக்கு மட்டும் விலக்களித்தார்கள். சாதாரண சைக்கிளில் மோட்டாரையும் பற்றரியையும் பின்னர் பொருத்திக்கொள்ளும் வழக்கமே தீவிபத்துக்களில் பெரிதும் அஞ்சப்படுவது. மடக்கு வண்டிகளில் அவ்வழக்கம் குறைவு என்பது அவர்கள் கூறிய நியாயம். ஆகவே எமது பொதி கதவோரத்திலே நின்றது, எவரும் தடுக்கவில்லை. அக்டன் ரவுண் நிலையத்திலே ஹீத்ரோ விமான நிலையப் பாதை வந்து சேர்கிறது. அங்கிருந்து பயணப்பெட்டிகள் பெருகின. அவற்றுள் எம்முடையதும் ஒரு பெட்டியாயிற்று. மடங்குதல் என்னும் குணத்துக்கே அந்த விலை. அக்குணம் புகையிரதத்துள் நுழைய அனுமதி தருகிறது. கந்தோர் மேசைக்கடியிலும் இடம் தருகிறது. வீதியோரத்திலே பூட்டிவைத்த விலையுயர்ந்த சைக்கிள் மாலையில் அவ்விடத்தில் நிற்குமென்று லண்டனில் எவரும் உறுதி கூறார். கையோடு வரும் வண்டிக்கு அக்கவலை இல்லை.

சவுத் கென்சிங்டனில் இறங்கி, மேலும் பல படிகள் ஏறி, வெளியே வந்து வண்டியை விரித்தோம். ரிச்சியின் அறை நோக்கிய தேவாலயம் அங்கிருந்து நடைதூரமே. ஒன்ஸ்லோ சதுக்கம், சிட்னி வீதி, கிங்ஸ் றோட், ஓக்லி வீதி என்று வழி தெற்கே இறங்குகிறது. சந்திகளில் விளக்கு பச்சையானதும் முதல் இரண்டு மிதிப்பிலேயே மோட்டார் முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் உதவுகின்றது. பின்னால் வரும் பஸ் சாரதியின் பொறுமையைச் சோதிக்க நேர்வதில்லை. ஆயினும் சிறிய சில்லுக்கு ஒவ்வொரு குழியும் ஒரு கிணறுதான். வீதி வெட்டி மூடிய இடங்களிலே எமது பல் நறநறத்தது. 1873 இல் திறக்கப்பட்ட அல்பேட் பாலத்தின் வாயிலிலே, அணிவகுத்து வரும் படையினர் நடையொழுங்கைக் கலைத்துக்கொண்டு பாலத்தைக் கடக்கவேண்டுமென்ற பழைய அறிவித்தல் இன்னும் உண்டு. ஒரே தாளத்தில் விழும் காலடிகள் பாலத்தை ஆட்டிவிடுமென்ற அச்சம். அதை வாசிக்க நாம் நின்றோம். மருமகன் மணிக்கூட்டைக் காட்டினான். வீட்டு வாசலிலிருந்து கந்தோர் வாசல் வரை சென்ற நேரம் ஒரு மணியும் ஐந்து நிமிடமும். ஒரு வழிக்கு இருபத்தைந்து நிமிடம் மிச்சம்.

மோட்டாரின் பெருமையை முழுவதும் காட்டியது ஞாயிற்றுக்கிழமைதான். வட லண்டனிலே ஆர்ச்வே நிலையத்திலிருந்து ஹைகேற் முருகன் ஆலயம் வரை வீதி மேடேறிச் செல்கின்றது. மோட்டாரை நிறுத்திவிட்டுப் பாதித்தூரம் ஏறிப் பார்த்தோம், மூச்சு முட்டியது. மீண்டும் இயக்கியதும் மேடு தணிந்துவிட்டதுபோல் இருந்தது. நெற்றி வியர்க்காமல் சந்நிதிக்குச் சென்றோம். வண்டி செருப்புகள் வைக்குமிடத்தருகே மடிந்து கிடந்தது. அதை விட்டு உள்ளே சென்றபோது மனம் முழுவதும் முருகனிடத்தில் இருந்ததென்று சொல்ல மாட்டோம்.

இனி மறுபக்கம். படிகளே இவ்வண்டியின் சத்துரு. மருமகனின் வீட்டு மாடிப்படி பத்தொன்பது, ஒடுங்கியது, நடுவிலே ஒரு திருப்பம் வேறு. அல்பேர்ட்டன் படிகளும் சவுத் கென்சிங்டன் படிகளும் அதனோடு சேரும். பதினேழு கிலோ என்பது நிலத்தில் உருட்டும்போது ஒன்றுமில்லை. மாலை ஆறு மணிக்கு, களைத்த உடம்போடு, மாடித் திருப்பத்திலே அது ஓர் அரிசி மூடை. மோட்டாரில்லாத அதே மடக்கு வண்டி பன்னிரண்டு கிலோவை ஒட்டியது. விலையும் ஏறத்தாழப் பாதி. சமதரையிலே இரண்டு மூன்று மைல் ஓடுபவனுக்கு அதுவே போதும் என்பது எமது எண்ணம். யாழ்ப்பாணத்தைப் போன்ற தட்டையான ஊரிலே மின்சார வடிவத்துக்கு இவ்வளவு கொடுப்பது வீண். மின்தூக்கியுள்ள தொடர்மாடியில் வசிப்பவர், வழியிலே மேடு உள்ளவர், வியர்வையோடு கந்தோருக்குள் நுழைய இயலாதவர் ஆகியோருக்கே அது பொருந்தும்.

பழுது பார்த்தலும் எளிதன்று. மோட்டார் முன்சில்லில் இருப்பதால் அதன் ரியூப்பில் காற்றுப் போனால் மின்கம்பியையும் பிரித்துத்தான் சில்லைக் கழற்றவேண்டும். பெரிய செய்தி 2023 ஆடி மாதத்தில் ஒல்லாந்திலிருந்து வந்தது. வன்மூஃப் என்ற விலையுயர்ந்த மின்சைக்கிள் நிறுவனம் அம்மாதம் முறிந்தது. அதன் வண்டிகளைக் கைத்தொலைபேசிச் செயலியால் திறக்கலாம். நிறுவனத்தின் கணினிகள் நின்றால் தம் வண்டியைத் தாமே திறக்க முடியாதோவென்று உரியவர்கள் தவித்தார்கள். போட்டி நிறுவனமான பெல்ஜியத்துக் கவ்போய், அத்திறவுகோல்களைச் சேமித்துவைக்க ஒரு செயலியை உடனே வெளியிட்டது. வேறு எங்கும் கிடையாத உறுப்புகளால் அமைந்த வண்டியை வாங்குவோர், அவற்றை விற்பவன் நிலைப்பானா என்றும் விசாரித்துக்கொள்ளவேண்டும். தீப்பயமும் வேடிக்கையன்று. லண்டன் தீயணைப்புப் படையினர் 2023 இல் இதற்கெனவே பிரசாரம் நடத்தினார்கள்: உரிய மின்னேற்றியை மட்டும் பயன்படுத்துக, உறங்கும்போது ஏற்றாதே, வெளியேறும் வழியில் வைக்காதே என்றார்கள். சில கந்தோர்க் கட்டடங்களிலே பற்றரியை உள்ளே கொண்டுவருதலே விலக்கு. மேசைக்கடியில் வைக்கலாமென்று வாங்கியவனை வாசற்காவலர் மறித்தால் 3,000 பவுணும் மழையில் நிற்கவேண்டியதுதான்.

ஓரிரவு மருமகனோடு இருந்து கணக்குப் பார்த்தோம். அவன் வாங்கும் மாதச் சீட்டில் பஸ் வண்டியும் அடக்கம். ஆகையால் இவ்வண்டி ஒரு பென்ஸையும் மிச்சப்படுத்தாது. ஐந்தாண்டு உழைக்குமென்று வைத்து, ஆண்டுக்கு 220 வேலை நாளென்று கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 பவுண் 70 பென்ஸ் வரும். வேலைகொள்வோர் இணங்கினால் வரி கழிப்பதற்கு முன்னரே சம்பளத்திலிருந்து தவணையாகக் கட்டும் அரசாங்கத் திட்டமொன்று 1999 முதல் உண்டு. 1,000 பவுண் என்றிருந்த எல்லையும் 2019 இல் தளர்த்தப்பட்டது. அவ்வழியே வாங்கினால் அவனுக்கு நான்கிலொரு பங்குக்கு மேல் குறையும். நாட்கணக்கு இரண்டு பவுணாகும். அதற்கு ஐம்பது நிமிடம் கிடைக்கும். வாடகை மின்சைக்கிள்களும் தெருக்களில் உண்டு. ஆனால் நாம் தங்கிய வாரத்தில் காலை ஏழரைக்கு அத்தெருமுனையில் நின்றதை விரல்விட்டு எண்ணலாம்.

“அந்த ஐம்பது நிமிடத்தில் என்ன செய்வாய், தம்பி?” என்று கேட்டோம்.

“சோதனைக்குப் படிப்பேன், மாமா. இன்னும் இரண்டு பாடம் இருக்கிறது. தேறினால் சம்பளம் உயரும், தங்கச்சிக்கு அனுப்புவதிலும் குறையாது” என்றான்.

இதற்கு மேல் மாடிப்படி மட்டுமே மிஞ்சியது. மறுநாட் காலை இருவருமாகக் கீழே இறங்கி, பலசரக்குக் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் நெடுந்தீவுப் பக்கத்தவர்; ஒரு முறை வண்டியை மடிக்கச் சொல்லிப் பார்த்தார்; மறுமுறை தாமே மடித்துப் பார்த்தார். பின்பு அரிசி மூடைகளுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடத்தைக் காட்டி, “வண்டியை இதில் வையுங்கள் தம்பி, பற்றரிப் பையை மட்டும் இங்கே வைக்கக்கூடாது, அது உங்களோடு மேலே வரட்டும்” என்றார். பை 3 கிலோ. தங்கைக்கு அன்றிரவே சொல்லிவிட்டோம்: கந்தோர்க் கட்டடத்தார் எழுத்திலே அனுமதி கொடுத்தால் மட்டும் வாங்கட்டும், வரித் திட்டத்தின் மூலம் வாங்கட்டும். அனுமதிக் கடிதம் நாம் ஊர் திரும்பிய பத்தாம் நாள் அவனுக்குக் கிடைத்தது.