மகேந்திரவர்மனின் ஊரில்

உறவுக்காரப் பெண்ணின் முகூர்த்தப் புடவைக்காகக் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் காலை முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஜரிகையும் விலையும் ஒத்துவர நேரமாகும் என்று தெரிந்ததும், நான் மட்டும் சாலைத் தெருவுக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே சங்கர மடம். பக்கத்தில் பள்ளிவாசல். எதிரே பெரியார் சிலை. மதியத் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. நெற்றி நிறைய விபூதியோடு மடத்திலிருந்து வந்தவர்கள் பெரியாரைத் தாண்டி ஆட்டோ பிடித்தார்கள். டீக்கடைக்காரரிடம் வியந்து சொன்னேன். "இதுல என்ன சார் இருக்கு? நான் சின்னப் புள்ளையா இருந்தப்பலேர்ந்து இப்படித்தான்" என்றார்.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து ஆண்ட மகேந்திரவர்மப் பல்லவன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற அங்கத நாடகம் நடப்பதும் இந்த ஊர்த் தெருக்களில்தான். குடிபோதையில் கபால ஓட்டைத் தொலைத்த காபாலிகன் என்னும் சைவத் துறவி, புத்த பிக்குவைத் திருடன் என்கிறான். அந்தப் பிக்குவோ, மதுவையும் மங்கையையும் அனுமதித்த மூலநூலை மூத்த பிக்குகள் ஒளித்துவிட்டதாகப் புலம்புகிறவன். தீர்த்துவைக்க இன்னொரு சைவத் துறவியான பாசுபதன் வருகிறான். கடைசியில் பார்த்தால், ஓட்டைத் தூக்கிப்போனது நாய்! திருச்சிக் குகைக் கல்வெட்டில் லிங்கத்தை வழிபடுகிறவனாகக் குறிக்கப்படும் அரசன், சைவத் துறவிகளையே முதலில் கேலிக்கு எடுத்துக்கொண்டான். எனக்கு அவன்மேல் மரியாதை கூடுவது அதனால்தான்.

மதத்தைக் கேலி செய்யலாமா என்ற வழக்கு ஐரோப்பாவில் இன்னும் ஓயவில்லை. 2015 ஜனவரி 7 அன்று பாரிஸில் 'ஷார்லி எப்தோ' கேலிச்சித்திர இதழின் அலுவலகத்தைத் தாக்கியவர்கள் 12 பேரைக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் அகமது மெராபெ, தெருவில் காவல் பணியில் இருந்த முஸ்லிம் போலீஸ்காரர். இரண்டு நாள் கழித்துத் தாக்குதலுக்கு உள்ளான யூதர்களின் கடையொன்றில் வாடிக்கையாளர்களை ஒளித்துக் காப்பாற்றிய ஊழியர் லசானா பத்திலியும் முஸ்லிம்தான். ஐரோப்பிய முஸ்லிம்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொன்றவர்களின் பெயரை மட்டும் நினைவில் வைத்திருப்பது அநியாயம்.

கார்ட்டூனுக்காக ஒருவரைக் கொல்வதற்கு எந்த நியாயமும் கிடையாது. அதே பிரான்ஸ், 2004-இல் அரசுப் பள்ளி மாணவிகள் முக்காடு அணியத் தடை போட்டது. வரைகிறவருக்கு உள்ள சுதந்திரம் அந்தப் பெண்ணின் தலைத்துணிக்கு ஏன் இல்லை? இதற்கு எனக்கு ஒப்பத்தக்க பதில் இதுவரை கிடைக்கவில்லை.

நம் ஊரிலும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. இங்கே பிறந்த அண்ணா, 'ஆரிய மாயை' எழுதியதற்காக 1950-இல் சிறைக்குப் போனார். ஆனால் பெரியார் சிலைப் பீடங்களிலுள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை நீக்கக் கோரிய வழக்கை 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடவுள் உண்டு என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருந்தால், இல்லை என்று சொல்ல அவர்களுக்கும் உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். பாரிஸுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

தமிழ் நாடகக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். 'மத்தவிலாச'த்தைத் தமிழில், காஞ்சிபுரத்திலேயே போடுங்கள். மடத்தையும் பள்ளிவாசல் ஜமாஅத்தையும் பெரியார் தொண்டர்களையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவையுங்கள்.