ஊதாத குழல்

உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுதுவோர் கோல் அடித்தவனையே பெரும்பாலும் புகழ்வர். மத்தியஸ்தரை நினைப்பது அவரை ஏசும்பொழுது மாத்திரமே. தமிழாசிரியனாகிய எனக்கோ, மைதானத்து ஓரத்தில் நிற்கும் வேளைகளில், பந்தைக் காட்டிலும் குழல் ஊதுபவரின் கால்களே கண்ணிற் படுகின்றன. ஆட்டம் ஓடுவதும் தேங்குவதும் அவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தவை.

1891ஆம் ஆண்டு வரை மத்தியஸ்தர் மைதானத்துக்கு வெளியே நின்றார். கட்சிக்கு ஒருவராக வந்த நடுவர் இருவரும் தம்முள் பிணங்கினாலே அவரிடம் முறையிடுவர். அவ்வாண்டில் அவர் உள்ளே வந்தார். நடுவர் இருவரும் எல்லைக்கோட்டுக்குப் போயினர். பின்னர் ஸ்ரான்லி றவுஸ் என்னும் ஆங்கிலேயர் மூலைவிட்ட ஓட்டத்தை வழக்குக்குக் கொணர்ந்தார். மத்தியஸ்தர் ஒரு மூலைப்பக்கத்திலிருந்து எதிர்மூலையை நோக்கிச் சாய்வாக ஓடுவார். கொடியேந்திய துணைவர் இருவரும் ஆளுக்கு ஒரு பாதியைக் காப்பர். ஆட்டம் எப்பொழுதும் இருவர் பார்வைக்கு நடுவில் நிகழும். 1938இல் ஆட்ட விதிகளைத் திருத்தி எழுதியவரும், 1961இல் ஃபீஃபாவின் தலைவரானவரும் இவரே. அதற்கெல்லாம் முன்னர் அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியராய் இருந்தார் என்பதைச் சற்றுப் பெருமையுடனேயே குறிக்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் நடந்த பாடசாலை ஆட்டம் ஒன்றில் துணைவர் இல்லை. மத்தியஸ்தர் நடுவட்டத்தை விட்டு அகலவும் இல்லை. ஜிந்துப்பிட்டியைச் சேர்ந்த மாணவன் ஒருவன் பந்துடன் விரைந்தான். பின்னே வந்தவன் இடறினான். இவன் தடுமாறினும் விழாது நிமிர்ந்து, பந்தை வலைக்குள் செலுத்தினான். அதன் பிறகே குழல் ஒலித்தது! கோல் இல்லை, இடறிய இடத்தில் தனியுதை. ஆட்டத்தில் தோற்றது பெரிதன்று. அடுத்த ஆட்டத்தில் அப்பையன், தோளில் ஒரு கை பட்டதுமே தரையில் வீழ்ந்து, குழலுக்காகக் காதைக் கொடுத்துக் கிடந்தான். விழாமல் ஓடுவதால் பயனில்லை என்பதை எவரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, குழலே கற்பித்துவிட்டது.

குற்றத்துக்கு உள்ளான கட்சிக்கு ஆட்டம் தொடர்வதே நன்மையாயின் ஊதாது விடலாம் என்பது விதி. அந்நன்மை சில விநாடிகளுள் கைகூடாவிடின் திரும்ப அழைத்துத் தனியுதை கொடுக்கவும் இடமுண்டு. ஆயின், அருகில் நிற்பவர்க்கே அவ்விதி பயன்படும். தொலைவில் நிற்பவர் ஐயத்தால் ஊதுவார். மாணவன் செய்யுளை ஒப்புவிக்கையில் சொல்லுக்குச் சொல் மறித்துத் திருத்தும் ஆசிரியர்களை நான் அறிவேன். அவ்வகுப்பிலே செய்யுளை எவரும் கேட்டதில்லை.

இன்னொன்று மொழி. 1966இல் வெம்பிளியில் இங்கிலாந்தும் ஆர்ஜன்ரீனாவும் மோதிய உலகக்கிண்ணக் கால்இறுதியில், ஜேர்மன் மத்தியஸ்தருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. வெளியேற்றப்பட்ட அணித்தலைவர் றற்றீன் அகல மறுத்தார். ஆட்டம் நெடுநேரம் நின்றது. அதன்பின்னரே கென் அஸ்ரன் என்பார் வீதி விளக்குகளைக் கண்டு மஞ்சள், சிவப்பு அட்டைகளை எண்ணினார். 1970இல் மெக்சிக்கோவில் அவை வந்தன. அவரும் ஆசிரியரே! தமிழும் சிங்களமும் கலந்து ஒலிக்கும் நம் மைதானங்களில் அட்டையும் கைச்சைகையும் எத்துணை உதவி என்பதைக் கொழும்பில் ஆடியவர் அறிவர்.

பழைய மாணவ அன்பர்கள் கிண்ணங்களையும் பதக்கங்களையும் தாராளமாக வழங்கி வருகின்றனர். ஆண்டுக்கு இரு மாணவரை மத்தியஸ்தர் பயிற்சிக்கு அனுப்பும் செலவையும் ஏற்பார்களாயின் நன்று. முதலில் அனுப்பத்தக்கவன் ஒருவன் இருக்கின்றான். சென்ற ஆண்டு இல்லங்களுக்கிடையிலான ஆட்டத்தில், ஒரு கோலுக்குக் கொடி உயர்த்தாது நின்றான் என்று தன் இல்லத்தாராலேயே ஏசப்பட்டவன். மாலை வேளைகளில் அவன் ஜிந்துப்பிட்டிச் சந்தில் சிறுவர்களின் ரப்பர்ப் பந்தாட்டத்தை நடத்துகின்றான். கையிற் குழல் இல்லை. முச்சக்கர வண்டி வரும்பொழுது மாத்திரம் கை தட்டி நிறுத்துகின்றான்.